பல்பு தாத்தாவின் பேட்டரி கார்!

எடிசன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பல்பு. அப்புறம்? பாட்டுப் பெட்டி. இன்னும் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் சினிமா கேமரா என்பீர்கள். எல்லாம் சரிதான். ஆனால், பல்புக் கதையை எத்தனை முறைதான் படிப்பீர்கள்? இன்று வேறு ஒரு கதை சொல்லட்டுமா? தாமஸ் ஆல்வா எடிசன் தன் வாழ்க்கையில் பத்து வருடங்களை ஒரே ஒரு கார் பேட்டரிக்காகச் செலவிட்டார். அந்தப் பத்து வருடமும், அதற்குப் பின்னால் நடந்ததும் உங்கள் பாடப் புத்தகத்தில் அநேகமாக இருக்காது.

1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற சிற்றூரில் எடிசன் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. சில மாதங்கள்தான் போனார். பள்ளி ஆசிரியையாக இருந்த அம்மா நான்சி, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் பையன் வேலைக்குப் போய்விட்டான். என்ன வேலை தெரியுமா? போர்ட் ஹ்யூரன் ஊரிலிருந்து டெட்ராய்ட் நகரத்துக்குப் போகும் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்பது!

டெட்ராய்ட்டில் ரயில் பல மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் பையன் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். சாமான்கள் ஏற்றும் பெட்டியில் ஒரு மூலையைப் பிடித்து, அங்கே ரசாயன பாட்டில்களை அடுக்கி சோதனையும் செய்தான். ஒருநாள் ஒரு பாட்டில் கீழே விழுந்து பெட்டியில் தீப்பிடித்தது. அத்தோடு ஓடும் ரயிலில் இருந்த அந்தச் சோதனைச்சாலை மூடப்பட்டது!

1862-ல், மவுண்ட் க்ளெமென்ஸ் ஸ்டேஷனில் தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை நோக்கி ஒரு ரயில் பெட்டி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டார். அது ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தை. நன்றிக்கடனாக அவர் எடிசனுக்குத் தந்தி அடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் தந்திக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? பேட்டரியிலிருந்துதான். கண்ணாடி ஜாடிகளில் ரசாயனத் திரவமும் உலோகத் தகடுகளும் இருக்கும். ஆக, பதினைந்து வயதிலேயே எடிசனுக்கு பேட்டரியோடு பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1876-ல் மென்லோ பார்க்கில் ஆராய்ச்சிக்கூடம், 1877-ல் பாட்டுப் பெட்டி, 1879-ல் பல்பு. 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம் தொடங்கி, வீடுகளுக்கும் கடைகளுக்கும் கம்பி வழியே மின்சாரம் கொடுத்தார். அவர் கொடுத்தது டி.சி. என்ற நேர்மின்சாரம். ஒரே திசையில் ஓடும். போட்டியாளரான வெஸ்டிங்ஹவுஸ் கொடுத்தது ஏ.சி. என்ற மாறுதிசை மின்சாரம். முன்னும் பின்னுமாக ஓடும். ஏ.சி.யை வெகுதூரம் சுலபமாக அனுப்பலாம். அதனால் கடைசியில் ஏ.சி.தான் ஜெயித்தது. இந்தத் தோல்வியை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

விருந்தில் ஒரு வரைபடம்

1896 ஆகஸ்ட் மாதம். நியூயார்க் அருகே ஒரு ஹோட்டலில் மின் நிறுவனத்தார் மாநாடு. எடிசனுக்கு அப்போது 49 வயது. காது சரியாகக் கேட்காது. டெட்ராய்ட்டில் எடிசன் பெயரில் இயங்கிய மின் கம்பெனியிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்திருந்தார். அவர் ஓய்வு நேரத்தில் வீட்டுக் கொட்டகையில் பெட்ரோலில் ஓடும் ஒரு வண்டியைச் செய்திருந்தார். யாரோ அதை எடிசனிடம் சொல்ல, அந்த இளைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்து எடிசன் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இளைஞரும் காகிதத்தில் படம் வரைந்து வரைந்து விளக்கினார். யார் அந்த இளைஞர்? ஹென்றி ஃபோர்டு!

எடிசன் மேஜையில் ஓங்கித் தட்டி அவரை உற்சாகப்படுத்தினார். அதற்கு எடிசன் சொன்ன காரணத்தை ஃபோர்டு பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். மின்சார வண்டி மின் நிலையத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது, பேட்டரியோ மிகவும் கனம். நீராவி வண்டிக்கு நெருப்பும் கொதிகலனும் வேண்டும். இந்த பெட்ரோல் வண்டியோ தனக்கு வேண்டிய சக்தியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறது, அதனால் இதை விட்டுவிடாதே என்பதுதான் அந்தக் காரணம். மின்சாரத்தின் ராஜா என்று உலகமே கொண்டாடிய மனிதர், மின்சார வண்டியின் குறையைத் தானே எடுத்துச் சொல்லியிருக்கிறார், பாருங்கள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றே வருடத்தில் எடிசன் அதே குறையைத் தீர்க்கக் கிளம்பிவிட்டார்.

மின்சார கார் ஏதோ நேற்று வந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். இல்லவே இல்லை. 1899 ஏப்ரலில் பெல்ஜியத்துக்காரர் ஜெனாட்ஸி, உலகில் முதல்முறையாக மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் ஒரு காரை ஓட்டினார். அது மின்சார கார்! 1900-ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஏறக்குறைய 4,200 கார்களில் 1,500-க்கும் மேல் மின்சார கார்கள். பெட்ரோல் கார்கள் ஆயிரம்கூட இல்லை. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று ஒரு இரும்புக் கைப்பிடியைப் பலம்கொண்ட மட்டும் சுற்றவேண்டும். சில சமயம் அது திருப்பி அடித்து கையை முறித்துவிடும். புகை, சத்தம், நாற்றம் வேறு. மின்சார காரிலோ ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும், பூனை மாதிரி ஓசையில்லாமல் நகரும்.

ஆனால் அதன் பேட்டரி? உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கும். 1859-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தது. ஈயம் எவ்வளவு கனம் என்று மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நியூயார்க்கில் ஓடிய மின்சார வாடகை வண்டிகளின் பேட்டரி மட்டுமே பல நூறு கிலோ! சார்ஜ் ஏறும்வரை வண்டி சும்மா நிற்கவேண்டுமே என்று, அந்த நிறுவனத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். தீர்ந்த பேட்டரியை இயந்திரத்தால் இழுத்துவிட்டு, சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சில நிமிடங்களில் உள்ளே தள்ளிவிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நிலையம் இருக்கும் ஊரைச் சுற்றி மட்டும்தான் ஓட முடியும்.

ஈயம் வேண்டாம், அமிலமும் வேண்டாம்

1899-ல் எடிசனின் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. நியூஜெர்சி மலைப்பகுதியில் பாறைகளை உடைத்துப் பொடியாக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்கும் ஒரு பெரிய தொழிற்சாலை வைத்திருந்தார். வேறொரு இடத்தில் மலிவான இரும்புத்தாது கிடைக்கவே, தொழில் படுத்துவிட்டது. ஏராளமான பணம் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் ஓய்வெடுத்திருப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய எடிசன், வெஸ்ட் ஆரஞ்ச் ஊரில் இருந்த தன் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பி பேட்டரி வேலையை ஆரம்பித்தார்.

அவருடைய எண்ணம் இதுதான். ஈயத்துக்குப் பதிலாக லேசான உலோகம். அமிலம் தகடுகளை அரித்துத் தின்கிறது. அதனால் அமிலத்துக்கு நேர் எதிரான காரத் திரவம். எந்த உலோகம் பொருந்தும்? அது யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டியதுதான். தாமிரம், காட்மியம், கோபால்ட் என்று ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. ஒரு கலவை சரிவரவில்லை என்றால் அடுத்தது. அதுவும் இல்லையா? அதற்கு அடுத்தது. கடைசியில் இரும்பும் நிக்கலும் ஜோடி சேர்ந்தன. நடுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணீர். மேலே எஃகுப் பெட்டி.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோமா? சார்ஜ் ஏற்றும்போது மின்சாரம் உள்ளே அப்படியே போய்த் தங்குவதில்லை. அது தகடுகளில் ஒரு ரசாயன மாற்றத்தைச் செய்கிறது. எடிசன் பேட்டரியில் ஒரு பக்கம் துருப்பிடித்த இரும்பு மறுபடி நல்ல இரும்பாக மாறும். மறுபக்கம் நிக்கல் கூடுதல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எல்லாம் தலைகீழாக நடந்து, மின்சாரம் வெளியே வரும். கிட்டத்தட்ட சாவி கொடுத்த பொம்மை போலத்தான்! சுருள் சுருங்குவதும் விரிவதும்போல இங்கே ரசாயனம் மாறுவதும் திரும்புவதும் நடக்கிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும். அதனால்தான் பெட்ரோலை ஊற்றுவதுபோல மின்சாரத்தைச் சட்டென்று ஊற்றிவிட முடிவதில்லை.

பேட்டரியை முரட்டுத்தனமாகச் சோதித்தார்கள். வண்டிகளில் மாட்டி, பள்ளமும் மேடுமான சாலைகளில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டினார்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் மாடியிலிருந்து பேட்டரியைக் கீழே தூக்கிப் போட்டும் பார்த்தார்கள்!

1903-ல் பேட்டரி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே பத்திரிகைகளில் ஒரே புகழ்ச்சி. இனி குதிரை வண்டிகளுக்கு வேலையே இல்லை என்பதுபோல எழுதினார்கள். எடிசனும் பெருமை பேசுவதில் சளைத்தவர் இல்லை.

அப்புறம் புகார்கள் வர ஆரம்பித்தன. பெட்டிகளின் ஓரங்கள் பிளந்து திரவம் கசிந்தது. அதைவிட மோசம், சில பேட்டரிகள் கொஞ்ச காலத்திலேயே சக்தி குறைந்து போயின. ஏன் என்று உடனே புரியவில்லை. ஆனால் வாங்க ஆள் இருந்தது. ஆர்டர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. இந்த இடத்தில் எடிசன் என்ன செய்தார் தெரியுமா? 1904-ன் கடைசியில் தொழிற்சாலையை நிறுத்திவிட்டார்! பழுதான பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பல்பு எரிந்த நாளைவிட இந்த நாள் பெரிது என்றுகூட எனக்குத் தோன்றும்.

மீண்டும் சோதனைகள். இன்னும் ஐந்து வருடம்! கோளாறு எங்கே என்று மெல்லப் பிடிபட்டது. நிக்கல் தூள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் அதோடு கிராஃபைட்டைக் கலந்திருந்தார்கள். பென்சிலுக்குள் கறுப்பாக இருக்கிறதே, அதே பொருள்தான். அது நாளடைவில் கெட்டுப்போனது. அதற்குப் பதிலாக எடிசன் குழு ஒரு வேலை செய்தது. தாமிரப் பூச்சு ஒன்று, அதன்மேல் நிக்கல் பூச்சு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பல அடுக்குகள் பூசினார்கள். பிறகு தாமிரத்தை மட்டும் கரைத்து எடுத்தார்கள். மிச்சம் இருந்தது காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய நிக்கல் செதில்கள்! இந்தச் செதிலையும் நிக்கல் தூளையும் விரல் தடிமன்கூட இல்லாத சிறு குழாய்களில் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக இடித்து அடைத்தார்கள். பெட்டியின் ஓரங்களைப் பற்றவைத்து மூடினார்கள். திரவத்தில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தார்கள். சக்தி கூடியது. லித்தியம் என்ற பெயரை எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? உங்கள் வீட்டு செல்போன் பேட்டரியில் இருப்பதும் அந்த உலோகம்தான். ஆனால் அதன் வேலை வேறு.

1909-ல் புதிய பேட்டரி வந்தது. இது நிஜமாகவே நல்ல பேட்டரி. வருடக்கணக்கில் உழைத்தது. அதிகமாக சார்ஜ் ஏற்றினாலும், மறந்துபோய்த் தீர்ந்த நிலையில் போட்டுவைத்தாலும் பெரிதாகக் கெடவில்லை.

ஆயிரம் மைல்

பேட்டரி தயார். ஆனால் நீண்ட தூரம் போகுமா? 1910-ல் எடிசன் பேட்டரிகளுடன் பெய்லி நிறுவனத்தின் மின்சார கார் ஒன்று ஆயிரம் மைல் சோதனை ஓட்டம் கிளம்பியது. 1,600 கிலோமீட்டர்! திறந்த சிறு கார். அதன் பக்கத்தில் எடிசன் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. கார் ஆயிரம் மைலை ஓடி முடித்தது.

ஆனால் ஒன்று. ஒரே சார்ஜில் இல்லை. அப்போதைய மின்சார கார்கள் ஒரு சார்ஜில் சாதாரணமாக 80 மைல் வரை, அதாவது 130 கிலோமீட்டர் வரை போனாலே பெரிது. பிறகு நிறுத்தி சார்ஜ் ஏற்றவேண்டும். எடிசன் பேட்டரி முழுதாக நிரம்ப சுமார் ஏழு மணி நேரம் ஆகும். வேகமோ மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான். இப்போது நீங்களே மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு, ஐந்து மணி நேரம் ஓட்டம். ஏழு மணி நேரம் காத்திருப்பு! பேட்டரிக்குத் தீனி போடும் நேரம், அது ஓடும் நேரத்தைவிட அதிகம்.

காத்திருக்கவும் தயார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போய் சார்ஜ் ஏற்றுவது? எடிசனுக்குக் கவலை இல்லை. க்ளென்மான்ட் என்ற அவருடைய வீட்டின் கான்கிரீட் கார் கொட்டகையிலேயே சார்ஜ் ஏற்றும் ஏற்பாடு இருந்தது. நகரத்தைத் தாண்டி வெளியே போனால்? கிராமங்களில் மின்சாரமே இல்லை. 1930-களின் நடுவில்கூட அமெரிக்காவில் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. 1910-ல் எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு சங்கடமும் உண்டு. ஓரமாக ஞாபகம் வைக்கச் சொன்னேனே, ஏ.சி., டி.சி. சண்டை? பேட்டரிக்கு டி.சி. மின்சாரம்தான் ஏறும். பல ஊர்களில் வந்துகொண்டிருந்ததோ ஏ.சி. எனவே ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ஒரு கருவியும் வேண்டும். அது விலை கூடியது, பெரியது. தான் தோற்ற சண்டை, இருபது வருடம் கழித்துத் தன் பேட்டரியின் குறுக்கே வந்து நிற்கும் என்று எடிசன் நினைத்திருப்பாரா?

பெட்ரோலுக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை. மளிகைக் கடையில், இரும்புக் கடையில்கூட டின்னில் விற்றார்கள். 1901-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பெரிய எண்ணெய்க் கிணறு பீய்ச்சி அடித்த பிறகு எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை. டின்னைக் கவிழ்த்தால் ஐந்து நிமிடத்தில் கார் தயார். ஒரு டின்னைப் பின்னால் கட்டிக்கொண்டும் போகலாம். மின்சாரத்தை டின்னில் கட்டிக்கொண்டு போக முடியுமா?

இதற்குள் மேஜையில் படம் வரைந்த அந்த இளைஞர் பெரிய ஆளாகிவிட்டார். 1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் 850 டாலருக்கு வந்தது. பிறகு வருடத்துக்கு வருடம் விலை குறைந்தது. 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே! டெட்ராய்ட் எலக்ட்ரிக் போன்ற மின்சார கார்களோ இரண்டாயிரம் டாலரைத் தாண்டின. ஒரு வேடிக்கை சொல்லவா? பெட்ரோல் கார் மன்னர் ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது, டெட்ராய்ட் எலக்ட்ரிக் மின்சார கார்!

ஃபோர்டும் எடிசனும் இதற்குள் நெருங்கிய நண்பர்கள். இருவரும் சேர்ந்து மலிவான மின்சார கார் செய்யப்போவதாக 1914-ல் செய்தி வந்தது. சோதனைக் கார்களும் செய்தார்கள். ஆனால் எடிசன் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. நிதானமாக நெடுநேரம் உழைக்கும். திடீரென்று நிறைய மின்சாரம் கேட்டால் திணறும். குளிர் காலத்தில் இன்னும் மந்தமாகும். கடைசிவரை அந்தக் கார் கடைக்கு வரவே இல்லை.

1912-ல் நடந்ததுதான் பெரிய அடி. சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினியர், கைப்பிடி சுற்றாமல் பெட்ரோல் காரைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரைச் செய்தார். காடிலாக் கார்களில் அது வந்தது. மின்சார காருக்கு இருந்த பெரிய வசதியே போயிற்று. அந்த ஸ்டார்ட்டரை இயக்கியது எது? ஒரு நொடியில் நிறைய மின்சாரம் தள்ளக்கூடிய அதே பழைய ஈய பேட்டரி! எடிசன் ஒழிக்க நினைத்த பேட்டரி, பெட்ரோல் காருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இன்றும் பெட்ரோல் கார்களின் முன்மூடியைத் திறந்தால் பெரும்பாலும் அதைப் பார்க்கலாம்.

அப்படியானால் பத்து வருட உழைப்பு வீணா? இல்லை. நீண்ட தூரம் போகவேண்டாத இடங்களில் அந்த பேட்டரி சக்கைப் போடு போட்டது. ரொட்டியும் துணியும் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிகள் ஊருக்குள் சுற்றிவிட்டு இரவில் கொட்டகைக்குத் திரும்பிவிடும். விடியும்வரை சார்ஜ் ஏறும். சுரங்கத் தொழிலாளர்களின் தலை விளக்கு, ரயில்வே சிக்னல், ரயில் பெட்டி விளக்கு என்று எங்கும் எடிசன் பேட்டரி. அவருடைய முதிய வயதில் நல்ல லாபம் தந்த பொருட்களில் அதுவும் ஒன்று. ஒரு துயரமும் நடந்தது. 1916 ஜனவரியில், எடிசன் பேட்டரிகளைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்த ஈ-2 என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் ஹைட்ரஜன் வாயு வெடித்து சிலர் உயிரிழந்தார்கள். காரத் திரவத்தில் உள்ள தண்ணீரிலிருந்து அந்த வாயு வெளியாகும் என்பதால், பேட்டரி உள்ள அறையில் காற்றோட்டம் எவ்வளவு முக்கியம் என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

இன்றைய மின்சார கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1991-ல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயன் பேட்டரிதான் இவற்றில் பெரும்பாலும் இருக்கிறது. அதற்காக உழைத்த ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. பல கார்கள் ஒரு சார்ஜில் 400 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள வேக சார்ஜர், பேட்டரியைப் பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு அரை மணி நேரத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிடுகிறது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கிளம்பிவிடலாம்!

ஏன் எண்பதோடு நிறுத்துகிறார்கள்? காலி பஸ்ஸில் முதலில் ஏறுபவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் நிரம்ப நிரம்ப, கடைசி ஆட்கள் இடம் தேடி மெல்ல நகரவேண்டும் அல்லவா? பேட்டரிக்குள் லித்தியமும் அப்படித்தான். கடைசி இருபது சதவீதத்துக்கு மிக மெதுவாகத்தான் ஏறும். அதனால் நீண்ட பயணம் போகிறவர்கள் நிரம்பும்வரை காத்திருக்காமல், எண்பதில் கிளம்பி அடுத்த நிலையத்தில் மறுபடி ஏற்றிக்கொள்கிறார்கள். குளிரில் பேட்டரி சோர்ந்துபோவது எடிசன் காலத்தைப் போலவே இன்றும் உண்டு. நிலையத்துக்குப் போனால் அங்கே நான்கு கார்கள் வரிசையில் நிற்பதும், சார்ஜரே பழுதாகி இருப்பதும் உண்டு. சாலையோர வேக சார்ஜர், காருக்குள் அனுப்புவது எந்த மின்சாரம் தெரியுமா? டி.சி.! எடிசனின் செல்லப்பிள்ளை.

மறுபடி எடிசனிடம் போவோம். 1916-லிருந்து அவர் தன் நண்பர்களான ஃபோர்டு, டயர் நிறுவன முதலாளி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோருடன் கோடைக்காலங்களில் மலைகளிலும் காடுகளிலும் கூடாரம் அடித்துத் தங்கப் போவார். நீண்ட நீண்ட கார் பயணங்கள். கார்கள் எல்லாம் பெட்ரோல் கார்கள்! வேறு வழி? அந்தக் காட்டுப் பாதைகளில் சார்ஜ் ஏற்ற எதுவும் கிடையாது. ஆனால் இருட்டியதும் அவர்கள் முகாமில் மின்சார விளக்குகள் எரியும். அதற்கு மின்சாரம் எடிசனின் பேட்டரிகளிலிருந்து வந்தது.

கடைசியாக ஒரு காட்சி. 1930 செப்டம்பர் 3. நியூஜெர்சியின் ஹோபோகன் ரயில் நிலையத்தில் ஒரே கூட்டம். லக்காவானா ரயில்வே, நீராவி இன்ஜின்களுக்குப் பதிலாகத் தன் முதல் மின்சார ரயிலை அன்று விடுகிறது. அதற்கு பேட்டரி கிடையாது, சார்ஜ் ஏற்றவும் வேண்டாம். வழி நெடுக மேலே கம்பி கட்டியிருந்தார்கள். ஓடிக்கொண்டே மின்சாரம் வாங்கிக்கொள்ளும். அந்தக் கம்பியில் போனது 3,000 வோல்ட் டி.சி. மின்சாரம். முதல் ரயிலைக் கிளப்ப எடிசனை அழைத்திருந்தார்கள். அவருக்கு அப்போது 83 வயது. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபர் 18-ம் தேதி அவர் காலமானார்.

அன்று, ஒரு காலத்தில் ரயிலில் மிட்டாய் விற்ற அந்தப் பையன் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியைத் திருப்பினார். ரயில் புகையில்லாமல் நகர்ந்தது.